தைரியமா இரு என்கிறார்கள், எப்படி இருப்பது?

கேள்வி: எனக்கு 34 வயது. ஊர் தங்கச்சிமடம் பக்கம். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தை மாதம் ஒரு சனிக்கிழமை போன படகை, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கை நேவி பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறார். வாய்தா வரும், தள்ளிப்போகும். நான் பாசி வளர்க்கும் மிதவை வேலைக்குப் போகிறேன். பெண் எட்டாம் வகுப்பு, பையன் மூன்றாம் வகுப்பு. பையனிடம் "அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். இப்போது என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் ரொம்பப் பொறுப்பாகிவிட்டாள், சமைப்பதுகூட அவள்தான், அது ஒன்றுதான் ஆறுதல். குழு லோன், வாரத் தவணை, நகைக் கடன், படகு ஓனரிடம் வாங்கிய முன்பணம் என்று நாலு பக்கமும் கடன். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்புத் தட்டினால் போனைப் பார்த்துக்கொண்டே விடிந்துவிடுகிறது. மாமியார் தனுஷ்கோடிப் புயலில் தப்பிப் பிழைத்தவர். "நாங்க பாக்காத கஷ்டமா? நாங்க என்ன அழுதுகிட்டா உக்காந்திருந்தோம்?" என்கிறார். எல்லாரும் "தைரியமா இரு, நீ உடைஞ்சா பிள்ளைங்க கதி என்ன" என்கிறார்கள். வெளியில் தைரியமாகத்தான் இருக்கிறேன். ஆனால் சில நாள், நான் இல்லாமலே போனால் எல்லாருக்கும் பாரம் குறையுமோ என்று தோன்றுகிறது. யூடியூபில் மனவலிமைப் பேச்சு எவ்வளவோ கேட்டுவிட்டேன். கேட்கும்போது நன்றாக இருக்கிறது, மறுநாள் பழையபடிதான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று பயம். மனசைக் கல்லாக்கிக்கொள்ள ஏதாவது பயிற்சி இருக்கிறதா? இல்லை, நான்தான் பலவீனமானவளா?
(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. "நான் இல்லாமலே போனால் எல்லாருக்கும் பாரம் குறையுமோ." மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதைப் பேசிவிடுகிறேன்.

இந்த எண்ணம் எப்போதாவது வந்து தானாகப் போய்விடுகிறதா, இல்லை வந்தால் மணிக்கணக்கில் தங்குகிறதா? எப்படி, எப்போது என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறதா? தங்குகிறது, யோசிக்கிறேன் என்றால் இந்தப் பதிலைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு 14416க்கு போன் போடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. வந்துபோகும் எண்ணம்தான் என்றாலும் இன்று ராத்திரிக்குள் ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் அக்காவாக இருக்கலாம், மிதவை வேலைக்குக் கூட வரும் தோழியாக இருக்கலாம். "எனக்கு இப்படித் தோணுது" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். சொன்னால் அந்த எண்ணம் வளர்ந்துவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நான் பார்த்த வரையில், சொன்ன பிறகு அதன் பிடி தளரத்தான் செய்கிறது.

உங்கள் பிள்ளைகளுக்கு அப்பா கண்ணெதிரே இல்லை. அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது உங்களை. நீங்கள் போய்விட்டால் பாரம் குறையும் என்பது களைத்துப்போன மனம் தப்பாகப் போட்ட கணக்கு. மறுபடி அந்த நினைப்பு வந்தால், "இது என் களைப்பு பேசுறது" என்று அதை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பலவீனமானவர் இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2013ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. நிதானமாக யோசித்துச் செய்ய வேண்டிய சின்னச் சின்னச் சோதனைகளை அவர்களுக்கு இரண்டு தடவை கொடுத்தார்கள். முதல் தடவை கரும்பு வெட்டுக்கு முன்னால், கையில் காசில்லாமல் அடகும் கடனுமாக இருந்த நாள்களில். அடுத்த தடவை வெட்டு முடிந்து பணம் வந்த பிறகு. அதே ஆட்கள், அதே மாதிரிச் சோதனைகள். பணம் வந்த பிறகு நன்றாகச் செய்தவர்கள், கை காய்ந்திருந்த நாள்களில் தடுமாறியிருந்தார்கள். நடுவில் அவர்கள் புத்தி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கடனையும் அடுத்த வேளையையும் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மனதில் வேறு எதற்கும் இடம் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மனது சுமப்பது கடனை மட்டுமா? வீட்டுக்காரர் சிறையில் இருக்கிறார், பையன் பேசுவதில்லை, தூக்கம் இல்லை. அடுப்பில் வைத்ததை மறப்பதும், பிள்ளைகள் மீது எரிந்து விழுவதும், பேச்சைக் கேட்டு வந்த உற்சாகம் மறுநாள் இல்லாமல் போவதும் உங்கள் குணக்கேடு இல்லை. அந்தப் பேச்சாளர்கள் சொல்வது பொய் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பேச்சு உங்கள் தலையிலிருந்து ஒரு சுமையையும் இறக்கி வைப்பதில்லை. சுமை அப்படியே இருக்க, சுமப்பவரை மட்டும் "இன்னும் நிமிர்ந்து நில்" என்றால் எத்தனை நாள் நிற்க முடியும்? அதனால் மனப்பயிற்சிக்கு முன்னால் சுமையைக் கொஞ்சம் இறக்கப் பார்ப்போம்.

கடனிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கட்ட வேண்டும், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். தலைக்குள் சுற்றும்வரை எல்லாக் கடனும் ஒரே அளவு பயமாகத்தான் தெரியும். தாளில் எழுதினால் எது அவசரம், எது காத்திருக்கும் என்று பிரிந்துவிடும். நகை ஏலத்துக்குப் போகும் தேதி அவசரம். வங்கிக்கு நேரில் போய், வட்டியை மட்டும் கட்டி நாளை நீட்டிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓனரின் முன்பணம் காத்திருக்கும். அவர் படகில் போய்த்தான் உங்கள் வீட்டுக்காரர் மாட்டினார். அதை நீங்கள் தனியாகப் போய்ப் பேசாமல், சங்கத்துப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். குழுக் கூட்டத்தில் நிலைமையை எழுந்து சொல்லுங்கள், தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூட்டத்துக்குப் போகாமல் ஒளிந்தால்தான் பேச்சு வளரும். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் மட்டும் வாங்க வேண்டாம்.

வாரத் தவணைக்காரர்கள் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நுண்கடன்களுக்காக ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிகளின்படி காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கடனாளிக்கு போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. பணத்தை இருவரும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். நீங்கள் அடுத்தடுத்து வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம். வாசலில் நின்று கத்துகிறவரிடம் இந்த விதியைச் சொல்லக் குரல் எழாமல் போகலாம். குழுவில் வாய் பேசும் பெண் ஒருத்தி இருப்பாள், அவளை அழைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்கு அரசு தினசரிக் கணக்கில் உதவித்தொகை தருகிறது. அது உங்களுக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் ராமேஸ்வரம் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். அவருடைய மீனவர் அடையாள அட்டை, உங்கள் வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள்.

அடுத்து வாய்தா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கனமாகத் தெரிந்தது இதுதான். நீங்களோ இரண்டே வார்த்தையில் எழுதியிருக்கிறீர்கள்: "வரும், தள்ளிப்போகும்."

வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறது. படகு கரையில் கிடக்கும், வருமானம் இருக்காது. கஷ்டம்தான், ஆனாலும் கடற்கரைக் குடும்பங்கள் அதைத் தாங்கிவிடுகின்றன. என்றைக்கு முடியும் என்று தெரியும் என்பதால் அரிசியை, சீட்டை, கைமாற்றை அதற்குத் தகுந்தபடி நிரவிக்கொள்ள முடிகிறது. உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் அந்தத் தேதி இல்லை. அடுத்த வாய்தாவில் விட்டுவிடலாம், அபராதம் போடலாம், தண்டனை வரலாம், காவல் நீளலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மனது ஏறி நிற்கிறது, சாயங்காலம் விழுகிறது. மறுநாள் மிதவை வேலைக்கும் போயாக வேண்டும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல நிபுணர் 1970களில் தொடங்கி, வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களோடு பேசிப் பேசி ஒன்றைக் கண்டுகொண்டார். இறந்துவிட்டார் என்று தெரிந்தால் குடும்பம் அழுது, காரியம் செய்து, மெல்ல நகர்கிறது. இருக்கிறாரா இல்லையா, வருவாரா மாட்டாரா என்று தெரியாதபோது அழவும் முடிவதில்லை, நகரவும் முடிவதில்லை. ஊரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. முடிவு தெரியாத இழப்பு என்று இதை வைத்துக்கொள்ளலாம். சிறையில் அடைபட்டவர்களின் குடும்பங்கள் படும் பாடும் இதே வகைதான். இந்த நிலையில் இருப்பவர் நிலைகொள்ளாமல் தவிப்பது அவருடைய குறை இல்லை, நிலைமை அப்படிப்பட்டது என்று பாலின் பாஸ் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

அவர் காட்டிய வழி, இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொள்வது. "அவர் வருவாரு. இப்ப அவர் இல்லாமத்தான் வீட்டை நடத்தணும்." முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் எல்லாவற்றையும் "அவர் வந்ததும் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவீர்கள், கூரை ஒழுகிக்கொண்டே இருக்கும். இரண்டாவதை மட்டும் பிடித்தால் நெஞ்சு வறண்டுபோகும். அதனால் வீட்டில் அவர் செய்த வேலைகளை இப்போதைக்கு யார் செய்வது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பையனின் பிறந்தநாளோ கோயில் திருவிழாவோ வந்தால், அவர் இல்லை என்பதற்காக விட்டுவிடாமல் சின்னதாகவாவது செய்யுங்கள்.

வாய்தா நாளுக்கென்று ஒரு ஏற்பாடு வேண்டும். அன்றைக்குத் தனியாக இருக்காதீர்கள். அதே படகில் போன மற்றவர்களின் வீட்டுப் பெண்கள் இருப்பார்களே, ஒருவர் வீட்டில் கூடிக்கொள்ளுங்கள். சங்கத்தில் யார் போன் செய்து சேதி சொல்வார் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டால் பத்து வாட்ஸ்அப் குழுவைப் புரட்ட வேண்டியதில்லை. தள்ளிப்போனால் அன்று சாயங்காலம் அழுங்கள், சேர்ந்தே அழுங்கள். ராத்திரிச் சோற்றுக்கு மட்டும் காலையிலேயே ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் அதிகாரிகள் சிறையில் இருக்கும் நம் மீனவர்களைப் போய்ப் பார்ப்பது வழக்கம். அவர் உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து ஏதும் வேண்டுமா என்று மீன்வளத் துறை வழியாகவோ சங்கம் வழியாகவோ கேட்கச் சொல்லுங்கள். அவர் என்றைக்கு வருவார் என்று தெரிந்துகொள்வது உங்கள் கையில் இல்லை. இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதையாவது விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம்.

மாமியார் சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. "நாங்க என்ன அழுதுகிட்டா உக்காந்திருந்தோம்?" எனக்கு அந்த அம்மா மேல் கோபம் வரவில்லை. சிறையில் இருப்பது அவர் பெற்ற பிள்ளை. அவருக்குத் தெரிந்த மொழியில் அவரும் பதறுகிறார்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில், உள்ளே இருந்தவர்களோடு கடலில் போனது. பிறகு அந்த ஊரே குடியிருக்க லாயக்கில்லாதது என்று அரசு அறிவித்தது. உங்கள் மாமியார் அன்றைக்குச் சிறுபிள்ளையாக இருந்திருப்பார். ஒரு நாள் சாவகாசமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: உங்களை யார் தூக்கிக்கொண்டு வந்தாங்க? முதல் நாள் யார் வீட்டில் சோறு போட்டாங்க? எத்தனை குடும்பம் ஒண்ணா வந்து இங்கே குடிசை போட்டீங்க? யார் துணி கொடுத்தது? அவர் சொல்லச் சொல்ல, தனியாக நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு தாங்கியவர் யாருமில்லை என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரியவரும் என்று நம்புகிறேன். அழுதுமிருப்பார்கள். கூட ஆள் இருந்ததால் அழுது முடித்து எழுந்திருப்பார்கள்.

பெரிய அடிகளைத் தாங்கி எழுந்தவர்களைப் பற்றி உலகத்தில் நடந்த நீண்ட ஆய்வுகளும் இந்த இடத்துக்கே வந்து நிற்கின்றன. ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு. 1955ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு பெண்கள் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடிகார அப்பா, மனநோயுள்ள அம்மா என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் நல்லபடியாக, நம்பிக்கையுள்ளவராக வளர்ந்திருந்தார். அவர்களிடம் பொதுவாக இருந்த சிலவற்றில் முக்கியமானது, எந்தக் குழப்பத்திலும் கைவிடாத ஒரு பெரியவர். அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக, பக்கத்து வீட்டாராக, வாத்தியாராக இருந்தாலும் போதுமானதாக இருந்தது.

மிதவை வேலை தெரிந்த உங்களுக்கு இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. மூங்கில் எவ்வளவு முற்றியதாக இருந்தாலும் ஒற்றை மிதவையை யாரும் தனியாகக் கடலில் விடுவதில்லை. பல மிதவைகளைச் சேர்த்துக் கட்டித்தான் நங்கூரம் போடுவீர்கள். காற்று கிளம்பும்போது தாங்குவது அந்தக் கட்டுத்தான். நீங்கள் கேட்ட பயிற்சி என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: யாரோடெல்லாம் உங்களைக் கட்டிக்கொள்ளலாம் என்று பார்ப்பது, வெட்கப்படாமல் கட்டிக்கொள்வது. "ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களை ரெண்டு மணி நேரம் பாத்துக்கிறியா?", "வங்கிக்குக் கூட வர்றியா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பலரும் என்ன செய்வது என்று தெரியாமல்தான் சும்மா இருக்கிறார்கள்.

பையன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். கேரளா என்று சொன்னது அவனைக் காப்பாற்றத்தான். ஆனால் இப்போது அவனுக்கு இரண்டு வலி. அப்பா சிறையில் இருப்பது ஒன்று. அம்மா சொல்வதையும் நம்ப முடியாது என்பது இன்னொன்று. இரண்டாவதை இந்த வாரமே சரிசெய்ய முடியும். பக்கத்தில் உட்கார வைத்து, "அப்பா கேரளாவுக்குப் போகல. நீ பயந்துடுவேன்னு அப்படிச் சொன்னேன். இனிமே உங்கிட்ட உண்மையைத்தான் சொல்லுவேன்" என்று ஆரம்பியுங்கள். அப்பா தப்பு செய்தாரா என்று அவன் கட்டாயம் கேட்பான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி, "அப்பா மீன் பிடிக்கத்தான் போனாரு, திருடப் போகல. கடல்ல நம்ம பக்கம், அவங்க பக்கம்னு ஒரு கோடு இருக்கு, அது கண்ணுக்குத் தெரியாது. அதைத் தாண்டிட்டாங்கன்னு புடிச்சிருக்காங்க" என்று சொல்லலாம். எப்போது வருவார் என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். "தெரியலப்பா. தெரிஞ்ச உடனே முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன்" என்பதே சரியான பதில். அப்பாவிடம் காட்ட வேண்டியதையெல்லாம், வரைந்த படம், வாங்கிய மார்க், விழுந்த பல் வரைக்கும், ஒரு டப்பாவில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வகுப்பாசிரியரிடமும் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் தடுக்க அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

பெண்ணைப் பற்றித்தான் எனக்கு இன்னும் கொஞ்சம் கவலை. பொறுப்பாகிவிட்டாள், அதுதான் ஆறுதல் என்று எழுதியிருக்கிறீர்கள். கஷ்டம் வந்த வீட்டில் சத்தம் போடும் பிள்ளை மேல் எல்லார் கண்ணும் போகும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு, தம்பியைக் குளிப்பாட்டிக்கொண்டு, எதுவும் கேட்காமல் இருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. எட்டாம் வகுப்புப் பெண் அம்மாவின் பாரத்தைப் பார்த்துத் தன் பயத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம். சமையலில் அவள் கை கொடுக்கட்டும், கடன் பேச்சை அவளிடம் பேசாதீர்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளைத் தோழி வீட்டுக்கு விடுங்கள். "உனக்குப் பயமா இருக்கா?" என்று ஒரு தடவை நேராகக் கேளுங்கள். அந்த நேரத்தில் மாமியார் அடுப்படியைப் பார்த்துக்கொண்டால் அந்த அம்மாவுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். பேரப்பிள்ளைகளுக்கு அவர் தரக்கூடியது நிறைய இருக்கிறது.

தூக்கத்துக்கு வருகிறேன். மூன்று மணிக்கு முழிப்பது பலருக்கும் நடக்கிறது. பின்னிரவில் தூக்கம் தானாகவே லேசாகும், விடியலுக்காக உடம்பும் தயாராகத் தொடங்கும். மனதில் பாரம் இருப்பவருக்கு அந்த நேரத்தில் சின்னச் சத்தமும் போதும். விசைப்படகுகள் போகும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் உங்களுக்கு இது கூடுதலாக இருக்கலாம். முழிப்பை உடனே நிறுத்த முடியாது. அதற்கப்புறம் போனை எடுப்பதை நிறுத்த முடியும். போனை அடுப்படியில், மணிச் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். அவசரச் சேதி என்றால் யாராவது அழைப்பார்கள். வீடியோவும் குரூப் செய்தியும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போதும். கொஞ்ச நேரத்தில் தூக்கம் திரும்ப வராவிட்டால் படுத்தே புரளாமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது போன்ற சலிப்பான வேலை ஏதாவது செய்யுங்கள், கண் சொருகும்போது படுங்கள். நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுவது படபடப்பைத் தணிக்கும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். பிற்பகலுக்கு மேல் டீ வேண்டாம். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் செய்தும் மனம் தேறவில்லை, பசி இல்லை, எதிலும் ஒட்டவில்லை, எல்லாம் என் தப்பு என்றே ஓடுகிறது, இது இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், காத்திருக்காமல் இப்போதே ஒரு தடவை காட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவக் குழு எந்தக் கிழமை உங்கள் பக்கம் வருகிறது என்று ராமேஸ்வரம் அரசு மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் நிறுத்திவிடக் கூடாது. அது பழக்கமாகி அடிமைப்படுத்தும் வகை மாத்திரை இல்லை. நோய் குறைந்த பிறகு டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

ஊர் பேசும் என்ற பயத்தின் வேர் எனக்குத் தெரியும். நம் மாவட்டத்தில் மனநோய் என்றவுடனே ஏர்வாடியும் சங்கிலியும்தான் நினைவுக்கு வருகின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் போனார்கள். அந்தக் கொடுமைக்குப் பிறகு நாடே விழித்தது. இன்றைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. உங்களைப் பற்றிய விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஓ.பி. சீட்டு வாங்கி டாக்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவதற்கும் அந்தப் பழைய பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே வரிசையில் உங்களைப் போன்ற பெண்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அவர் திரும்பி வந்த அன்றைக்கே எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறையிலிருந்து வந்தவர்கள் சில வாரங்கள் சரியாகத் தூங்குவதில்லை, சின்னதற்கும் வெடிப்பார்கள், சிலர் பேசாமல் முடங்குவார்கள், சிலர் குடியில் போய் விழுவார்கள். வீட்டையும் கடனையும் நீங்கள் நடத்திப் பழகியிருப்பது அவருக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் குறுகலாக இருக்கும். மறுபடி கடலுக்குப் போவதா என்ற பேச்சை முதல் வாரத்திலேயே எடுக்காதீர்கள். கடன் எழுதிய தாளை அவரிடம் காட்டி, இதுவரை செய்ததைச் சொல்லுங்கள், இனி இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பையனின் டப்பாவை முதல் நாளே கொடுத்துவிடலாம். அவர் தூக்கம் ஒரு மாதம் தாண்டியும் சரியாகவில்லை என்றால், நீங்கள் போகும் அதே டாக்டரிடம் அவரையும் கூட்டிப் போங்கள். அப்போது வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் மனநல ஆலோசகர்